எள்ளு விளக்கு எரிந்தால்: கரிவடிகட்டியின் ‘ரீஜென்’ வேலைக்கு ஒரு சொல்

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

போன வாரம் நான் கேட்ட கேள்விக்கு இத்தனை மறுமொழி வரும் என்று நினைக்கவில்லை. டீசல் லாரியின் புகைக்குழாயில் இருக்கிற கரிவடிகட்டி அடைத்துக்கொள்ளும்போது, வண்டியே அதைச் சூடாக்கி உள்ளே படிந்த கரியை எரித்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ரீஜெனரேஷன்’; பட்டறையில் சுருக்கி ‘ரீஜென்’ என்பார்கள். தமிழில் என்ன சொல்லலாம் என்பதுதான் கேள்வி. வந்த மறுமொழிகளில் மூன்று கட்சி தெரிகிறது. ஒரு கட்சியில் நானும் சேர்ந்துவிட்டேன், ஆனால் இலக்கணத்துக்காக இல்லை. அதைச் சொல்வதற்கு முன்னால் மாசி மாதம் ஒரு ராத்திரி நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குக் காரைக்குடியில் இரண்டு லாரி. ஒரே கம்பெனி, ஒரே மாடல், இரண்டு மாத இடைவெளியில் வாங்கியவை. ஒன்று தூத்துக்குடிக்குப் போய் உப்பு ஏற்றி வரும். மற்றது ஆத்தங்குடிக் கல் ஏற்றும். கண்ணாடிமேல் வார்த்துக் கையால் செய்கிற தரைக்கல்; ஓரம் தெறித்தால் வாங்குகிறவர் திருப்பிவிடுவார். அதனால் வைக்கோல் வைத்து அடுக்கி, பள்ளம் பார்த்துப் பார்த்து மாட்டுவண்டி மாதிரிதான் ஓட்ட வேண்டும். இரண்டு வண்டிக்கும் இதுதான் வித்தியாசம். தூத்துக்குடி வண்டியில் வடிகட்டி அடைத்ததைக் காட்டுகிற விளக்கு எரிந்து நான் பார்த்ததே இல்லை. கல் வண்டியில் மாதம் தவறாமல் எரியும்.

அன்றைக்கு எட்டு மணி இருக்கும். டிரைவர் போன் செய்தார்.

“அண்ணே, மீட்டர்ல டப்பாக்குள்ள எள்ளு கொட்டின மாதிரி ஒரு படம் எரியுது. வண்டியும் சொணங்குது.”

கையேட்டை எடுத்தேன். தமிழில்தான் போட்டிருந்தார்கள். ‘மறுஉற்பத்தி தேவை. பாதுகாப்பான இடத்தில் வாகனத்தை நிறுத்தி மறுஉற்பத்திப் பொத்தானை அழுத்தவும்.’ அப்படியே வாசித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“எதண்ணே உற்பத்தி பண்ணணும்?”

எனக்கும் பதில் தெரியவில்லை. பக்கத்தில்தான் இருந்தேன் என்பதால் பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். அவர் பாதுகாப்பான இடத்தில்தான் நிறுத்தியிருந்தார், அவர் கணக்குப்படி. பின்னால் வருகிற பஸ் வந்து மோதாதபடி ரோட்டைவிட்டு நன்றாக இறக்கி, ஒரு களத்து ஓரமாக. அறுப்பு முடிந்த நேரம். புகைக்குழாய் வாய்க்கு இரண்டு முழத்தில் வைக்கோல் குவித்துக் கிடந்தது. கை பொத்தான்மேல் இருந்தது.

அந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்பது குழுவில் சிலருக்குத் தெரிந்திருக்காது. வடிகட்டி என்பது தேன்கூடு மாதிரி ஒரு பீங்கான். ஒரு கண் முன்பக்கம் திறந்து பின்பக்கம் அடைத்திருக்கும். அடுத்த கண் அதற்கு நேர்மாறு. புகை சுவரை ஊடுருவித்தான் வெளியே போக முடியும், கரி உள்ளேயே நின்றுவிடும். நெடுஞ்சாலையில் பாரத்தோடு போகும்போது புகையின் சூடு 250, 300 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில், முன்னால் இருக்கிற வினையூக்கியின் உதவியோடு, கரி கொஞ்சம் கொஞ்சமாகத் தானே கரைந்துகொண்டு வரும். மெதுவாகவும் கிட்டத்திலும் ஓடுகிற வண்டியில் அந்தச் சூடு வருவதே இல்லை. அப்போது வண்டி கூடுதலாக டீசலைப் பீய்ச்சி, வினையூக்கியில் எரித்து, வடிகட்டியை 600 டிகிரி அளவுக்கு ஏற்றுகிறது. ஓடும்போது முடியாவிட்டால் நிறுத்திவைத்துச் செய்யச் சொல்லிக் கேட்கும். இரண்டு முழத்தில் வைக்கோல் இருக்கும்போது 600 டிகிரி!

வண்டியை முன்னால் எடுத்து ஒரு பொட்டலில் நிறுத்தினோம். செடிகொடி இல்லை, செம்மண் மட்டும். பொத்தானை அழுத்தியதும் இன்ஜின் தானாகச் சுருதி ஏறியது. முப்பத்தைந்து நிமிடம் அப்படியே நின்று உறுமியது. கிட்டப் போனால் முகத்தில் அனல் அடித்தது. டிரைவர் தள்ளி நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: “புடம் போடுதுண்ணே.” அவருடைய அப்பா ஒரு நாட்டு வைத்தியரிடம், மருந்தை மூடிவைத்துச் சுற்றி நெருப்பு மூட்டிப் புடம் போட வரட்டி அடுக்கிக்கொடுத்துப் பிழைத்தவர்.

சரி, இனி உங்கள் மறுமொழிகளுக்கு வருகிறேன்.

> உயிரியலில் ‘மீளுருவாக்கம்’ ஏற்கெனவே நிலைபெற்ற சொல். ஒரு கருத்துக்கு ஒரு சொல் என்பதே கலைச்சொல்லாக்கத்தின் முதல் விதி.

ஒரு கருத்துக்கு ஒரு சொல் சரிதான் ஐயா. ஆனால் இது ஒரு கருத்தா? வால் அறுந்த பல்லிக்கு மறுபடி வால் முளைத்தால் அது மீளுருவாக்கம். வடிகட்டியில் எதுவும் முளைப்பதில்லை, இருந்தது எரிந்து போகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தது அவர்கள் வசதி. அந்தச் சொல்லைப் பெயர்த்தால் மீளுருவாக்கம் வரும். லாரிக்குள் நடப்பதைப் பார்த்துப் பெயர் வைத்தால் அது வராது. ‘மறுஉற்பத்தி’யைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது களத்து ஓரத்தில் என்ன செய்தது என்று மேலே சொல்லிவிட்டேன்.

> கரியெரிப்பு. எளிமை, தெளிவு, தனித்தமிழ்.

இதை எழுதிய அம்மாவுக்கு என் முழு மரியாதை. முதலில் எனக்கும் இதுதான் பிடித்திருந்தது. எழுத்தில் குறையே இல்லை. மறுநாள் காலையில் கல்லுக்கட்டி பக்கம் நாங்கள் டீ குடிக்கிற கடையில், நான்கு டிரைவர்கள், ஒரு மெக்கானிக் முன்னால் சொல்லிப் பார்த்தேன். “வண்டி கரியெரிப்பு கேட்குது.” ஐந்து பேரும் சிரித்தார்கள். பேச்சில் கரிக்கும் கறிக்கும் வித்தியாசம் போய் ரொம்ப நாளாகிறது. செட்டிநாட்டில் நின்றுகொண்டு ‘கறி எரிப்பு’ என்றால் சமையல்காரரைத்தான் தேடுவார்கள். ‘புகைக்கரி எரிப்பு’ என்று நீட்டிச் சொன்னால் குழப்பம் தீரும், ஆனால் அத்தனை நீளமாக யாரும் சொல்லப் போவதில்லை. ரீஜென் என்றே விட்டுவிடுவார்கள்.

> ‘புடம்’ வடசொல். போதாக்குறைக்குச் சித்த மருத்துவத்தின் சொல். இயந்திரவியலுக்குள் ஏன் இழுக்க வேண்டும்?

வடசொல் என்பது உண்மை. ஆனால் நகை செய்கிற பத்தர் பட்டறையிலும் வைத்தியர் வீட்டிலும் இத்தனை தலைமுறை புழங்கிய பிறகு அதன் பூர்விகத்தை விசாரித்து வெளியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ‘புடம் போட்ட தங்கம்’ என்று சொல்லாத ஊர் தமிழ்நாட்டில் உண்டா? கேட்டவுடனே நெருப்பு, மூடிய இடம், உள்ளே இருக்கிற அழுக்கு போய்ச் சுத்தமாவது, மூன்றும் சேர்ந்து நினைவுக்கு வருகின்றன. கலைச்சொல் ஒன்றிலிருந்து இதைவிட வேறென்ன எதிர்பார்ப்பது? வைத்தியர் போடும் புடத்தில் நெருப்பு வெளியே, லாரியில் உள்ளே. அந்த அளவுக்குப் பொருத்தம் குறைவு, ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு பொருத்தம் இருக்கிறது. எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது. புடம் போட்டால் கடைசியில் நீறு மிஞ்சும். வைத்தியர் அதைப் பற்பம் என்பார். வடிகட்டியிலும் அதேதான். கரி எரியும், சாம்பல் எரியாது. இந்தச் சாம்பல் பெரும்பாலும் இன்ஜின் ஆயிலில் கலந்திருக்கிற உலோக உப்புகளிலிருந்து வருவது. எத்தனை புடம் போட்டாலும் அது போகாது, வடிகட்டியைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். கையேட்டின் தமிழில் கரி, சாம்பல் இரண்டுக்கும் ‘கசடு’ என்ற ஒரே சொல். அதைப் படிக்கிற முதலாளி, புடம் போட்டால் எல்லாம் போய்விடும் என்று நினைத்துக்கொண்டு, சாம்பல் குறைவாக விடுகிற ஆயிலுக்குப் பதில் மலிவு ஆயிலை ஊற்றுவார். நானே ஊற்றியிருக்கிறேன். அதனால் கரி, சாம்பல் இரண்டையும் பிரித்தே எழுதுவோம்.

வண்டி நம்பகமா இல்லையா என்று இரண்டு பேர் தனி மடலில் கேட்டிருந்தீர்கள். குழுவின் பொருளுக்குக் கொஞ்சம் வெளியே போகிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் வண்டிப் புகைக்கான பி.எஸ். 6 (பாரத் ஸ்டேஜ் 6) விதி வந்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காக இறங்கியது. பெரிய வண்டிகளில் வடிகட்டி ஏறியது. புகையில் இருக்கிற நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியாக் கரைசலைப் பீய்ச்சுவதற்கான தொட்டி, முன்பு சிலவற்றில் மட்டும் இருந்தது, பரவலாகியது. அமெரிக்காவில் வடிகட்டி 2007 மாடலிலேயே வந்துவிட்டது. வேலைக்கு வண்டி வைத்திருக்கிறவர்களின் புலம்பல் அங்கேயும் இதேதான்: இன்ஜினில் ஒன்றுமில்லை, புகைக்குழாயில் தொங்குகிறவைதான் வண்டியை நிறுத்துகின்றன. என் அனுபவமும் அப்படித்தான். உப்பு வண்டி கொடுத்த காசுக்கு உழைக்கிறது. கல் வண்டியில் செலவு எங்கே போகிறது என்று தேடினால், பாதியில் நிறுத்திய புடங்களில் போகிறது.

விளக்கு எரியும், வண்டி புடம் போட ஆரம்பிக்கும், அதற்குள் கடை வந்துவிடும், டிரைவர் சாவியைத் திருப்பி நிறுத்திவிடுவார். ஏற்றிய சூடு வீண், எரித்த டீசல் வீண். சில இன்ஜின்களில் இதற்கான கூடுதல் டீசலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறார்கள். அதில் கொஞ்சம் சுவரோடு வழிந்து ஆயிலில் இறங்கிவிடும். ஒருநாள் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் அளவு ஏறியிருந்தது. ஆயில் குறைந்து பார்த்திருக்கிறேன், கூடி அன்றைக்குத்தான் பார்த்தேன். விரலில் தேய்த்தால் கொழகொழப்பே இல்லை, மோந்தால் டீசல் வாடை. ஆயிலை மாற்றிய செலவு ஒன்று. அப்புறம் கரி அளவு மீறிப்போனால் பொத்தானுக்கும் மசியாது. கணினியோடு சர்வீஸ் ஆள் வர வேண்டும். அவர் வருகிறவரை வண்டி நிற்கும், தவணை நிற்காது. அதற்கும் மேலே போய் வடிகட்டியையே மாற்றுவதென்றால் லட்சத்தில்தான் பேச்சு. வடிகட்டியை வெட்டியெடுத்துவிட்டு வெறும் குழாய் வைத்துக்கொடுக்கிறோம் என்று வருகிறவர்களும் உண்டு. அது சட்டப்படி குற்றம் என்பது ஒருபுறம் இருக்கட்டும், அந்தக் கரி போகிற இடம் நம் பிள்ளைகள் மூச்சு.

‘மறுஉற்பத்தி நடைபெறுகிறது’ என்று திரையில் வந்தபோதெல்லாம் சாவியைத் திருப்பியவர்தான் என் டிரைவர். புடம் என்று பெயர் வைத்த பிறகு ஒருமுறைகூடத் திருப்பவில்லை. “பாதிப் புடத்துல பிரிக்கக் கூடாதுண்ணே” என்கிறார். வைத்தியர் வீட்டு விதி அது.

வகைகளைப் பிரிக்க வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஓடும்போது வண்டி தானே கரியைத் தீர்த்துக்கொள்வதற்குத் ‘தன்புடம்’ என்றார் ஒருவர். காதில் தன்படம் என்று விழுகிறது, செல்பி எடுக்கப் போய்விடுவார்கள். அந்த வகையில் டிரைவர் செய்ய வேண்டியது எதுவுமில்லை, ஆகவே அவசரமும் இல்லை. மற்ற இரண்டும்தான் முக்கியம். ஓடிக்கொண்டே டீசலைப் பீய்ச்சிப் போடுவது ஓடுபுடம். நிறுத்திவைத்துப் போடுவது நில்புடம். செல்பேசி, ஓடுதளம் போல இரண்டும் வினைத்தொகை, அதனால் ஒற்று மிகாது, ‘ல்’ ‘ற்’ ஆகத் திரியவும் திரியாது. ‘நிற்புடம்’ என்று திருத்த வேண்டாம்.

வண்டி சக்தியைக் குறைத்துக்கொண்டு ஊர்ந்து போகிற நிலைக்கு ‘முடக்கநிலை’, ‘நொண்டிநிலை’ என்று இரண்டு வந்தன. முடக்கம் என்றால் அசையவே அசையாது, இது அசைகிறது. நொண்டி என்பதை இந்தக் காலத்தில் புதுச்சொல்லில் வைக்க வேண்டாமே. என் டிரைவர் போனில் சொன்னதை மறுபடி பாருங்கள்: “வண்டி சொணங்குது.” சுணக்கம். படிப்படியாகக் கூடுவதையும் அது தாங்கும். யூரியாக் கரைசல் தீர்ந்துபோனால் ஐரோப்பாவின் யூரோ 6 விதியில் முதலில் முறுக்குவிசை 25 சதவீதம் குறையும், கடைசியில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் போக விடாது. முதல் சுணக்கம், முழுச் சுணக்கம். முடிந்தது வேலை.

அந்தக் கரைசலுக்கு வந்த ‘யூரியாநீர்’ மட்டும் எனக்குப் பயமாக இருக்கிறது. சொல் அழகுதான், பொருளும் சரிதான்: 32.5 சதவீதம் சுத்தமான யூரியா, மீதி உப்பு நீக்கிய தண்ணீர். 100 லிட்டர் டீசலுக்கு நாலைந்து லிட்டர் குடிக்கும். ஆனால் பெயரைக் கேட்டவுடன், வீட்டில் இருக்கிற உரமூட்டையைக் கரைத்து ஊற்றினால் என்ன என்று தோன்றாமல் இருக்குமா? மானிய யூரியா 2015லிருந்து பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசியே வருகிறது. அதைக் கரைத்து ஊற்றினால் குழல் அடைக்கும், வினையூக்கி கெடும். தேவகோட்டைப் பக்கம் ஒருவர் ஊற்றிவிட்டு அழுததை நேரில் பார்த்தேன். செய்முறையைச் சொல்லிக்கொடுக்கிற பெயர் இங்கே ஆபத்து. டிரைவர்கள் வாயில் இருக்கிற ‘டெஃப்’ (DEF என்ற ஆங்கிலச் சுருக்கம்) அப்படியே இருக்கட்டும் என்பது என் கட்சி.

கடைசியாக ஒரு வேலை. பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்ட ஸ்டிக்கர் அடிக்கக் கொடுத்திருக்கிறேன். ‘நில்புடம். அழுத்துமுன் இறங்கிப் பார்: வைக்கோல், சருகு, குப்பை. பாதியில் நிறுத்தாதே.’ கடைக்காரர் படித்துவிட்டு, “சித்த வைத்தியசாலைக்கா சார்?” என்று கேட்டார். லாரிக்கு என்றேன். நில்புடமா, நிறுத்துப்புடமா என்பதில் இன்னும் இரண்டு பேர் ஒத்துவரவில்லை. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதற்குள் எழுதுங்கள்.

காரைக்குடியிலிருந்து,
கல் வண்டிக்காரன்