அலைக்கோட்டு வெக்டர் பின்னணி: பிடிஎஃப் எடுத்தால் பட்டை பட்டையாகத் தெரிகிறது

கேள்வி:
ஏ4 பிரவுச்சர் அட்டைக்கு அப்ஸ்ட்ராக்ட் வெக்டர் (புள்ளிகளாக இல்லாமல் கோடு, வடிவங்களாக இருக்கும் படம்) பின்னணி. பிளெண்ட் டூலில் (இரு கோடுகளுக்கு நடுவே இடைக்கோடுகளைத் தானே போடும் கருவி) போட்ட 60 அலைக்கோடுகள், அடியில் கருநீல கிரேடியன்ட் (படிப்படியாக மாறும் நிறம்). இல்லஸ்ட்ரேட்டர் மென்பொருளில் பளிச்சென்று இருக்கிறது. பிரஸ்ஸுக்கு பிடிஎஃப் எடுத்தால் கிரேடியன்ட் பட்டை பட்டையாக உடைகிறது, நடுவே மெல்லிய வெள்ளைக் கோடுகள் வேறு. நீலமும் ஊதாவாகிவிட்டது. இதையே வெப்சைட் பேனருக்கு எஸ்விஜி (வெப்சைட்டில் போடும் வெக்டர் ஃபைல்) எடுத்தால் 4 எம்பி! எங்கே தப்பு?

பதில் 1:
அச்சுப் பிரச்சினைகள் மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

பட்டை: ஒரு சேனலுக்கு (ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும்) 256 படிகள்தான். கிரேடியன்ட் 100%-லிருந்து 80%-க்கு இறங்கினால் கிடைப்பது சுமார் 51 படி. 297 மிமீ உயரத்தில் ஒரு படி கிட்டத்தட்ட 6 மிமீ. தெரியத்தான் செய்யும். இரு முனை நிறங்களின் வித்தியாசத்தைக் கூட்டுங்கள், அல்லது மேலே லேசாக கிரெயின் எஃபெக்ட் (பொடிப்பொடியான புள்ளிகள்) போடுங்கள்.

வெள்ளைக் கோடு: பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ என்ற அச்சு ஃபைல் வகையில் டிரான்ஸ்பரன்சி (ஒளி ஊடுருவும் பகுதிகள்) தட்டையாக்கப்பட்டு, படம் துண்டுதுண்டாகிறது. ஜூமை 100%-லிருந்து 800%-க்கு ஏற்றிப் பாருங்கள். கோடு தடிக்கவில்லை என்றால் அது திரையின் வேலை, அச்சில் வராது. பிரஸ் ஏற்றுக்கொண்டால், டிரான்ஸ்பரன்சியை அப்படியே வைத்திருக்கும் பிடிஎஃப்/எக்ஸ்-4-இல் கொடுங்கள், தொல்லையே இல்லை.

நீலம்: சி100 எம்100 (சயான், மெஜந்தா மைகள் இரண்டும் 100%) என்றால் அச்சில் ஊதாதான். மெஜந்தாவை சயானைவிட 30 புள்ளியாவது குறைத்து வையுங்கள்.

பதில் 2:
மேலே சொன்ன கிரெயின் சரி, ஆனால் அதற்கு முன் டாக்குமென்ட் ராஸ்டர் எஃபெக்ட்ஸ் செட்டிங்ஸை (எஃபெக்ட்டுகள் புள்ளிப் படமாகும்போது எவ்வளவு நுணுக்கம் என்ற அமைப்பு) 300 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல்) ஆக்குங்கள். 72-இல் இருந்தால் கிரெயின் மணல் கொட்டியதுபோல வரும். அப்புறம் அலைக்கோடுகளின் தடிமனைப் பாருங்கள். 0.25 பாயின்டுக்குக் கீழே போகவேண்டாம். கருநீலத்தில் வெள்ளையாக விடும் கோடு என்றால் 0.5, மெல்லியதாக விட்டால் மை பரவி அடைத்துக்கொள்ளும். 30% டின்ட் (வெளிறிய நிற) கோடுகள் இன்னும் மோசம், புள்ளிகளாக உடையும். கோடுகள் ஸ்கிரீன் பிளெண்டிங்கில் (அடியிலுள்ள நிறத்தை வெளுப்பாக்கிக் கலக்கும் முறை) இருக்கின்றனவா? ஆர்ஜிபி-யில் (திரை நிறங்கள்) ஒளிர்வது சிஎம்ஒய்கே-யில் (அச்சு மை நிறங்கள்) அப்படி வராது. முதலிலேயே சிஎம்ஒய்கே-க்கு மாற்றிவிட்டு நிறம் தேர்ந்தெடுங்கள்.

பதில் 3:
எஸ்விஜிக்கு வருவோம். அந்த ஃபைலை நோட்பேடில் திறந்து 'பேஸ்64' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தேடுங்கள். இருந்தால் உள்ளே பிட்மேப் (புள்ளிகளாலான படம்) புகுந்திருக்கிறது. மெஷ் கிரேடியன்டை (வலைப்பின்னல் போலப் பல புள்ளிகளில் நிறம் மாறுவது) பிரவுசர்கள் எஸ்விஜியில் காட்டாது, அதனால் எக்ஸ்போர்ட்டில் அது பிட்மேப் படமாகிவிடும்.

கேள்வி கேட்டவர்:
தேடினேன், இரண்டு இடத்தில் இருக்கிறது. ஆனால் நான் மெஷ் எதுவும் போடவில்லையே?

பதில் 3:
அப்படியானால் அவுட்டர் குளோ (வெளியே ஒளிவட்டம்), டிராப் ஷேடோ (நிழல்) மாதிரி பிட்மேப்பாகிவிடும் எஃபெக்ட் ஏதாவது இருக்கும். அப்பியரன்ஸ் பேனலில் பார்த்து எடுத்துவிடுங்கள். மங்கல் வேண்டுமென்றால் ரேடியல் (வட்டமான) கிரேடியன்டின் ஓரத்தை 0% ஒபாசிட்டிக்கு (முழுக்கத் தெரியாத அளவுக்கு) இறக்கினாலே போதும். ஃபைல் சிறிதாக, கோடுகளுக்கு சிம்ப்ளிஃபை (கோட்டின் புள்ளிகளைக் குறைக்கும் கட்டளை) ஓட்டி, எக்ஸ்போர்ட்டில் டெசிமலை (தசம இடங்களை) 1 ஆக்குங்கள். பேனருக்கு 60 கோடு எதற்கு, 25 போதும்.