முதல் தடவை யூரின் டெஸ்ட் பாசிட்டிவ்: புனர்வாழ்வுக்குப் போனால் குற்றப்பதிவு விழாதா?

செந்தூல்வாசி:
22 வயதுப் பையன், கோலாலம்பூரில் பிடிபட்டான். கையில் போதைப்பொருள் எதுவும் இல்லை, சிறுநீர்ச் சோதனை மட்டும் பாசிட்டிவ். முன்வழக்கு கிடையாது. போலிஸ் ஜாமீனில் இருக்கிறான், ஆஸ்பத்திரி ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. புனர்வாழ்வுக்கு ஒத்துக்கொண்டால் பதிவே இருக்காது என்கிறார் ஒருவர். அபராதத்தைக் கட்டிவிட்டு வேலையைப் பார் என்கிறார் இன்னொருவர். பிறகு வெளிநாட்டு வேலைக்கு நன்னடத்தைச் சான்றிதழ் எடுக்க வேண்டியிருக்கும். எது சரி?

டூத்தாபடிக்கட்டு:
அபராதத்தைக் கட்டினால் வேலை முடியாது, அங்கேதான் தொடங்கும். மலேசியாவின் 1952 அபாயகர போதைப்பொருள் சட்டம், பிரிவு 15(1)(ஏ): 5,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றால் பதிவு விழும். அதோடு பிரிவு 38பி-இன்படி ஏஏடிகே (தேசிய போதைப்பொருள் தடுப்பு நிறுவனம்) கண்காணிப்பு 2 முதல் 3 ஆண்டு தானாக வந்து சேரும். இத்தனை வருடம் ஒழுங்காக இருந்தால் பதிவு அழியும் என்று வயது வந்தவர்களுக்கு நம் நாட்டில் பொதுச் சட்டம் எதுவும் இல்லை.

புனர்வாழ்வு வேறு பாதை. போதைக்கு அடிமையானவர்களின் சிகிச்சை, புனர்வாழ்வுக்கான 1983 சட்டத்தின் பிரிவு 6-இல் மாஜிஸ்திரேட் தரும் உத்தரவு குற்றத்தீர்ப்பு ஆகாது. ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பது பையன் கையில் இல்லை. 2024 திருத்தத்துக்கு முந்தைய சட்டப்படி, அவன் போதைக்கு அடிமை என்று மருத்துவ அதிகாரி சான்று தர வேண்டியிருந்தது. எப்போதோ எடுத்தவனுக்கு அந்தச் சான்று கிடைப்பது கஷ்டம், அதனால் அடிமையாகாதவன்தான் குற்றம் சாட்டப்பட்டு கோர்ட்டுக்குப் போனான்! இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2024-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, தவறாகப் பயன்படுத்துபவர் என்ற வகையைச் சேர்த்தது.

பிறைமணி:
மேலே சொன்னது சரி, ஆனால் குற்றத்தீர்ப்பு இல்லை என்றால் தடயமே இல்லை என்று அர்த்தமில்லை. 1952 சட்டத்தின் பிரிவு 39சி புனர்வாழ்வு மையத்தில் சேர்ந்ததையும் எண்ணிக்கையில் எடுக்கும். இரண்டு சேர்க்கை, அல்லது இரண்டு தண்டனை, அல்லது ஒரு சேர்க்கையும் ஒரு தண்டனையும் இருந்து, மறுபடி பிரிவு 15(1)(ஏ)-இல் தண்டிக்கப்பட்டால் 5 முதல் 7 ஆண்டு சிறை, 3 பிரம்படி வரை.

பலர் கோட்டை விடும் இடம் வேறு. புனர்வாழ்வு உத்தரவில் மையத்துக்கு வெளியே கண்காணிப்பில் இருப்பவர் குறித்த நாளில் ஆஜராகாமல் விடுவது, அனுமதிக் கடிதம் இல்லாமல் குறிப்பிட்ட வட்டாரத்தை விட்டு வேலைக்குப் போவது, கூப்பிட்டபோது சிறுநீர் தராமல் நழுவுவது. உத்தரவை மீறினால் 3 ஆண்டு வரை சிறை அல்லது 3 பிரம்படி வரை, இரண்டும்கூட. அது முழுக் குற்றத்தீர்ப்பு. பதிவு வேண்டாம் என்று எடுத்த பாதையிலேயே பதிவு விழுந்துவிடும்.

செந்தூல்வாசி:
அப்படியானால் இப்போது என்ன செய்வது?

டூத்தாபடிக்கட்டு:
ஜாமீன் தேதியைத் தவற விடாதீர்கள். குற்றம் சாட்டப்பட்டால் முதல் நாளே ஒப்புக்கொள்ள வேண்டாம், வேறு தேதி கேளுங்கள். லாயரிடம் மூன்றைப் பார்க்கச் சொல்லுங்கள்: ஆஸ்பத்திரியின் உறுதிச் சோதனை அறிக்கை, சிறுநீர்ப் போத்தலின் எண்ணும் முத்திரையும் போலிஸ் பதிவோடு பொருந்துகிறதா, சிறுநீர் எடுத்ததிலிருந்து ஆய்வகம் வரை யார் யார் கைமாறியது. ஸ்டேஷனில் செய்வது முதல்கட்டச் சோதனை மட்டுமே, வழக்கு நிற்பது உறுதிச் சோதனையில்தான்.

பிறகு அரசு வழக்கறிஞருக்கு முறையீட்டுக் கடிதம். வயது, வேலை, முன்வழக்கு இல்லாதது, தானாகப் போய்ச் சிகிச்சையில் சேர்ந்திருந்தால் அதன் சான்று எல்லாம் இணைத்து, 1983 சட்டத்துக்கு மாற்றக் கேட்கலாம். மாற்றுவது அவர் விருப்பம். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 173ஏ-இல் குற்றத்தீர்ப்பு பதியாமல் நன்னடத்தைப் பிணையில் விடவும் வழி உண்டு. ஆனால் போதைப்பொருள் சட்டத்தின் 41பி அதற்கு வரம்பு போடுகிறது, அதை முதலில் படிக்கச் சொல்லுங்கள். லாயருக்குப் பணம் இல்லையென்றால் தேசிய சட்ட உதவி அறவாரியம் இருக்கிறது.

பிறைமணி:
சான்றிதழ் விஷயம்: வெளியுறவு அமைச்சு போலிஸ் பதிவைச் சரிபார்த்த பிறகுதான் தரும். விண்ணப்பங்களில் கேள்வியின் சொல்லைக் கவனியுங்கள். "தண்டிக்கப்பட்டீர்களா" என்பதற்கு இல்லை என்று சொல்லக்கூடியவர், "கைது செய்யப்பட்டீர்களா" என்பதற்கு அப்படிச் சொல்ல முடியாது. அமெரிக்க விசா பாரம் கைதையும் கேட்கும், போதைப் பழக்கத்தைத் தனியாகவும் கேட்கும்.