மேட்டுத்தெரு குடும்பம்: பொங்கல் லீவுக்கு வேடந்தாங்கல்

மோகன்: (படத்துடன், பலமுறை பகிரப்பட்டது) அதிர்ச்சி!! வேடந்தாங்கல் ஏரி வற்றியது!! பறவைகள் எல்லாம் வெளியேறிவிட்டன. யாரும் போய் ஏமாற வேண்டாம். அனைவருக்கும் பகிரவும்

மோகன்: பாத்தீங்களா. நம்ம பிளான் அவ்ளோதான்

பிரியா: அய்யோ. குட்டி ஸ்கூல் பூரா சொல்லி வெச்சிருக்கான்

கார்த்தி: ஃபார்வர்டு மாமா அது

விஜி: எழுந்ததும் இவருக்கு இதான் வேலை

சேகர்: மாப்ளே, அந்தப் படத்தைக் கொஞ்சம் பெருசாக்கிப் பாருங்க. தரை பாளம் பாளமா வெடிச்சிருக்கு, மரத்துல ஒரு கூடு கூட இல்ல. கோடையில எடுத்த படம். அது மழையை நம்பி இருக்கற ஏரி. வடகிழக்கு மழையில நிரம்பும், வெயில் ஏற ஏற வத்தும், பறவைங்களும் குஞ்சு பறக்க ஆரம்பிச்சதும் கிளம்பிடும். வருஷா வருஷம் நடக்கறதுதான். மழை பொய்ச்சாத்தான் கவலை. 2016ல பொய்ச்சுது. இந்தத் தடவை ஐப்பசி கார்த்திகை ரெண்டுமே நல்லா பேஞ்சிருக்கு.

மோகன்: அப்ப போலாம்ங்கறீங்க மச்சான்

சேகர்: இருங்க, டைப் பண்றேன்

ரம்யா: அப்பா டைப் பண்றாரு. எல்லாரும் காபி போட்டுட்டு வந்துடுங்க

மல்லிகா: (குரல் செய்தி 1:12)

கார்த்தி: ஆபீஸ்ல இருக்கேன். அம்மா என்ன சொல்றாங்கன்னு யாராவது சொல்லுங்க

பிரியா: மதுராந்தகத்துல ஏரி காத்த ராமரையும் பாத்துட்டு வரணுமாம். அவ்ளோ தூரம் போயிட்டு அவரைப் பாக்காம வரக்கூடாதாம். அப்புறம் விஜி அத்தைகிட்ட கொடுத்த முறுக்கு அச்சு எங்கன்னு கேக்கறாங்க

விஜி: அண்ணி அதைப் போன தீபாவளிக்கே திருப்பிக் குடுத்துட்டேன்

மல்லிகா: (குரல் செய்தி 0:09)

பிரியா: இல்லியாம்

சேகர்: குட்டிகிட்ட ‘வெளிநாட்டுப் பறவை பாக்கப் போறோம்’னு மட்டும் சொல்லாதே பிரியா. கரையில நின்னா மரம் பூரா தெரியுமே, நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, அதெல்லாம் நம்ம நாட்டுப் பறவைங்க. மழை எங்க, இரை எங்கன்னு ஊர் ஊரா சுத்திட்டு, மரத்தடியில தண்ணி நின்னதும் இங்க வந்து கூடு கட்டும். சுத்தித் தண்ணி இருந்தாத்தான் நரி, காட்டுப்பூனை கூட்டுப் பக்கம் வராது. குஞ்சு பொரிக்கறது, வளக்கறது எல்லாம் இங்கதான்.

நெசமா வடக்கேர்ந்து வர்றது ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் மாதிரி வாத்துங்க. அங்க குளிர்ல ஏரியெல்லாம் உறைஞ்சுடும், அதனால இரை தேடி வருது. இங்க முட்டை போடாது. வெயில் ஏறும்போது திரும்பிப் போய் அங்கதான் கூடு கட்டும். எழுதறவங்க ரெண்டையும் ஒண்ணாப் போட்டு ‘சைபீரிய விருந்தாளி’ன்னுடறாங்க. இங்கயே பொறந்ததை எப்படி விருந்தாளிங்கறது?

விஜி: சின்னண்ணா இதைப் போன வருஷமும் சொன்னீங்க

சேகர்: போன வருஷமும் மாப்ளே அதையேதானே அனுப்பினாரு

கார்த்தி: சித்தப்பா, நத்தைகுத்திக்கு மூக்கு நடுவுல ஓட்டை மாதிரி இருக்குமே, அது பொறக்கும்போதே வருமா?

சேகர்: நல்ல கேள்வி. குஞ்சுக்கு இருக்காது, வளர வளரத்தான் அந்த இடைவெளி வரும். நத்தையை ஓட்டுலேர்ந்து உருவி எடுக்கறதுல அது கெட்டிக்காரன். காலையில வயல்ல நடக்கும், பாக்கலாம்.

ராஜு: எந்தத் தேதி

ரம்யா: பெரியப்பா, காணும் பொங்கல் மட்டும் வேணாம். அன்னிக்குக் கூட்டத்துல பறவையை விட மனுஷங்கதான் தெரிவாங்க

மோகன்: செவ்வாய்க்கிழமை லீவாமே

கார்த்தி: அது வண்டலூர் ஜூ மாமா

சேகர்: பொங்கல் நாட்கள்ல பறவைக் கணக்கெடுப்பும் நடக்கும். 15 நிமிஷம் ஒரே இடத்துல நின்னு, கண்ணுல பட்டதை எல்லாம் எழுதி, பறவைக் கணக்கு பதியற ஈபேர்ட் ஆப்ல ஏத்தினாப் போதும். காக்கா மைனாவையும் எழுதணும். குட்டி எண்ணட்டும், ரம்யா ஏத்தட்டும்.

ரம்யா: நான் எதுக்கு

விஜி: எங்க அப்பா நோட்டுல எழுதி வைப்பாரே. பச்சை அட்டை நோட்டு. பெரியண்ணா, அவரோட பைனாகுலர் உங்க வீட்லதானே இருக்கு?

ராஜு: பாக்கணும்

விஜி: எப்ப கேட்டாலும் பாக்கணும்தான். வீடு பிரிச்சப்ப அது சின்னண்ணனுக்குன்னு அம்மா எல்லார் முன்னாடியும் சொன்னாங்க

ராஜு: நான் என்ன தூக்கிட்டா ஓடிட்டேன்

மோகன்: விஜி விடு

சேகர்: அது இருக்கட்டும் விஜி. அண்ணி கேட்ட கோயில் விஷயம் சரியான விஷயம். வெள்ளத்துல மதுராந்தகம் ஏரிக்கரை உடையப் போற ராத்திரி, ராமரும் லட்சுமணரும் வில்லோட காவல் நின்னதைப் பாத்ததா சொல்லுவாங்களே ஒரு வெள்ளைக்கார கலெக்டர், லயனல் பிளேஸ். வேடந்தாங்கலுக்குப் பட்டயம் குடுத்ததும் அவர்தான், 1798ல. சிப்பாய்ங்க வந்து பறவையைச் சுடறாங்கன்னு ஊர்க்காரங்க போய் முறையிட்டதால வந்த பட்டயம் அது. சட்டம், சரணாலயம் எல்லாம் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த ஊர் காவல் காத்திருக்கு. எச்சம் விழுந்த ஏரித் தண்ணி வயலுக்கு உரம்னு அவங்களுக்குத் தெரியும். குட்டிக்குச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

மல்லிகா: (குரல் செய்தி 0:31)

பிரியா: அத்தைக்கு ரொம்ப சந்தோஷம். அப்ப முதல்ல கோயிலாம்

சேகர்: அண்ணி, காலையில வெளிச்சம் வந்ததும் கரையில நிக்கணும். பத்து மணிக்கு மேல பாதி பறவை மேய்ச்சலுக்குப் போயிருக்கும்

விஜி: கோயில் மத்தியானம் சாத்திடுவாங்க சின்னண்ணா

ரம்யா: சாயங்காலம் போனா?

சேகர்: அதுவும் அழகுதான். நாலரைக்கு மேல கூட்டம் கூட்டமாத் திரும்பும், எந்த மரத்துல எது உக்காருதுன்னு பாத்துக்கிட்டே இருக்கலாம். ஆனா வாத்து பாக்கணும்னா கரிக்கிலிக்கும் போகணும், அது பக்கத்து ஏரி, கூட்டமும் கம்மி. ஒரு சாயங்காலத்துல ரெண்டும் முடியாது

பிரியா: சின்ன மாமா, குட்டிக்குப் பொங்கலுக்கு செவப்பு சட்டை எடுத்திருக்கேன். போடலாமா?

சேகர்: கோயிலுக்குப் போடு. ஏரிக்கு மங்கின கலர். பீப்பீ, விசில் எதுவும் வேணாம், கத்தினா கூட்டுல உக்காந்திருக்கறது எழுந்துடும், முட்டையும் குஞ்சும் வெயில்ல காயும்

கார்த்தி: நான் பைக்ல படாளத்துல வந்து சேந்துக்கறேன்

விஜி: பைக் வேணாம் கார்த்தி. போன தடவை எல்லாரும் உனக்காகத்தான் ரோட்ல நின்னோம்

மோகன்: ஒரு வேன் பேசிடலாமா

ராஜு: வேன் காசு யார் குடுக்கறது

ராஜு: பைனாகுலர் பீரோ மேல இருந்தது. ஒரு பக்கம் லென்ஸ்ல பூசணம்

விஜி: துணியால தேய்ச்சிடாதீங்க பெரியண்ணா, கோடு விழும்

சேகர்: சுத்தம் பண்றவர் ஒருத்தரைத் தெரியும் அண்ணா. அப்படியே கொண்டு வாங்க

ரம்யா: ஓட்டெடுப்பு போட்டிருக்கேன். காலையா சாயங்காலமா? எட்டு மணிக்குள்ள சொல்லுங்க, வேன் சொல்லணும்

கார்த்தி: நாலு, நாலு. ஏழு பேர்தானே ஓட்டு போட்டிருக்கோம்?

பிரியா: அத்தை ரெண்டையும் அமுக்கியிருக்காங்க