அறுபதுக்கு மேல் நெடுந்தூர சைக்கிள்: வழியில் சந்தித்த ஒரு பெரியவர்

மூட்டு தேய்ந்துவிடும், இதயம் தாங்காது என்று வீட்டில் தடுக்கிறார்கள் என இங்கே சிலர் எழுதியிருந்தீர்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் நான் சந்தித்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

அது 200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம். திருவான்மியூரில் கிளம்பி, கல்பாக்கம் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். பிரெவே பந்தயம் இல்லை, முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தால் சரி. கடப்பாக்கம் பக்கத்தில் ஒரு இளநீர்க் கடையில் அவர் நின்றுகொண்டிருந்தார். வயது 72. முத்திரை வாங்க வேண்டிய பிரெவே அட்டையை பாலிதீன் பையில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தார். இளநீரில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் குடித்தார். அப்புறம் குனிந்து ஷூ கயிற்றைக் கொஞ்சம் தளர்த்திக்கொண்டார். வெயில் ஏற ஏறப் பாதம் வீங்குமாம்.

"தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காதீங்க தம்பி. நம்ம வயசுல அது லேட்டாத்தான் தெரியும்" என்றார். 61 வயதில் என்னைத் தம்பி என்று கூப்பிட ஒருவர் கிடைத்ததில் அவ்வளவு சந்தோஷம்!

திரும்பும்போது சேர்ந்தே மிதித்தோம். வடகிழக்குக் காற்று முகத்தில் அடித்தது. பெரிய கியரில் அழுத்தி மிதித்த இளைஞர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். பாலாற்றுப் பாலத்துக்கு முன்னால் அவர்கள் நிழலில் உட்கார்ந்திருக்க, நாங்கள் கையசைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருந்தோம். பெரியவர் சின்ன கியரை விடவில்லை. கால் லேசாகச் சுற்றிக்கொண்டே இருந்தது, பேச்சும் நிற்கவில்லை. "பேச முடியலைன்னா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம்." பிரான்சின் ரோபேர் மார்ஷான் 2017இல், 105 வயதில், ஒரு மணி நேரத்தில் 22.5 கிலோமீட்டர் ஓட்டியதைச் சொன்னார். நமக்கு டீ குடிக்கிற நேரத்தையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் போதுமே என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

வயதானவர்களுக்கு நெடுந்தூரம் ஒத்துவருவதற்குக் காரணமே இந்த நிதானம்தான். உடம்பின் பாரத்தில் பெரும்பகுதியை சீட் தாங்குவதால் ஓடும்போது விழுகிற அதிர்ச்சி மூட்டில் விழாது. ஆனால் சீட் உயரம் முக்கியம்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். 2018இல் பிரிட்டனில் ஒரு ஆய்வு வெளிவந்தது. ஆறரை மணி நேரத்துக்குள் 100 கிலோமீட்டர் ஓட்டக்கூடிய ஆண்களையும், ஐந்தரை மணி நேரத்துக்குள் 60 கிலோமீட்டர் ஓட்டக்கூடிய பெண்களையும் சோதித்தார்கள். எல்லாரும் 55 முதல் 79 வயது வரை. அவர்களுடைய தைமஸ் சுரப்பி, இளைஞர்களுக்கு இணையாக, நோயை எதிர்க்கும் புதிய டி செல்களை உருவாக்கிக்கொண்டிருந்தது. இவர்கள் நெடுங்காலமாக ஓட்டுகிறவர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பிரஷர், சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்காமல் நீண்ட தூரம் போகாதீர்கள். சைக்கிளால் எலும்புக்குப் பெரிய பலம் கிடைக்காது, ஆகவே நடையையும் விடக்கூடாது.

எல்லைக்கோட்டில் ஒன்றரை மணி நேரம் மிச்சமிருந்தது. அட்டையில் முத்திரை வாங்கியதும் பெரியவர் கேட்டது அடுத்த 300 கிலோமீட்டர் பிரெவே எப்போது என்றுதான்.

அறுபது தாண்டிய பெண்களை இந்தச் சாலையில் மிகக் குறைவாகவே பார்க்கிறேன். கோவை, மதுரைப் பக்கம் அப்படி ஓட்டுகிறவர்கள் இருந்தால் எழுதுங்களேன். என் மனைவி கேட்கச் சொன்னார்.