நிலக்கரி எண்ணெயை டீசலாக்க எந்த ஊக்கி நல்லம்?

உப்புவெளிப் பொடியன்:
அண்ணாமார் அக்காமார், கேம்பஸில செமினாருக்கு இந்தத் தலைப்பு தந்திருக்காங்க. நிலக்கரிய ஐதரசனோட அமுக்கிச் சூடாக்கி எடுக்கிற கறுத்த திரவத்த வாகனத்துக்கு ஊத்துற மாதிரி ஆக்கணும். கந்தகம் எடுக்கிற கோபால்ட்-மொலிப்டினமே காணும் எண்டு கூட்டாளி ஒருத்தன் அடிச்சுச் சொல்றான், சேர் நிக்கல்-மொலிப்டினம் பாரு எண்டுட்டுப் போயிட்டார். ஏன் எண்டு விளங்கல்ல.

பழைய கெமிஸ்ட்ரி ஆள்:
சேர் சொன்னது சரி தம்பி. இந்தத் திரவத்தில தலையிடி நைதரசன் தான். குயினோலின் மாதிரிச் சாமான்ல நைதரசன் வளையத்துக்குள்ள இருக்கும், முதல்ல அந்த வளையத்துக்கு ஐதரசன் ஏத்தினாத் தான் பிறகு காபன்-நைதரசன் பிணைப்பு உடையும், அந்த வேலைக்கு நிக்கல் கெட்டி. கந்தகத்துக்கு மட்டும் எண்டா கோபால்ட் நல்லம். நைதரசன விட்டுவச்சா பிறகு வாற ஹைட்ரோகிராக்கிங் (பெரிய மூலக்கூற ஐதரசனோட உடைக்கிறது) ஊக்கியில அமில இடங்கள்ல போய் ஒட்டிக்கொண்டு அதையும் நாசமாக்கிப் போடும். பீனோல்ல இருக்கிற ஒட்சிசன் தண்ணியா வெளியேறும், அதுக்கும் ஐதரசன் போகுது.

சீனக்குடா மச்சான்:
நான் வெளிநாட்டில ரிபைனரியில நிண்டவன், அது பெற்றோலியம் தான், ஆனா ஊக்கி இதே சாதி. புத்தகத்தில வராத விசயம் ஒண்டு சொல்றன். ஊக்கி வரக்குள்ள ஒட்சைட்டா, சின்னச் சின்னக் குச்சி மாதிரி வரும், அப்பிடியே போட்டா வேலை செய்யாது, டைமெதில் டைசல்பைட் எண்ட கந்தகத் திரவத்தக் கலந்து ஐதரசனோட மெல்ல மெல்லச் சூடாக்கிச் சல்பைட்டா மாத்தணும், அந்த நாத்தம் உடுப்ப விட்டுப் போகாது. வெளிய வாற வாயுவில ஐதரசன் சல்பைட்டு கூடத் தொடங்கினாத் தான் முடியப்போகுது எண்டு அர்த்தம். பிறகு ஓடக்குள்ள கரி படிஞ்சு ஊக்கி சோர்ந்துகொண்டே வரும், நாங்க வெப்பநிலைய ஏத்திக்கொண்டே போவம். நிலக்கரித் திரவத்தில அஸ்பால்டீன் எண்ட தார் மாதிரிப் பாரமான சாமானும் சாம்பல்தூளும் கூட, அதால இன்னும் கெதியா அடைக்கும்.

நிலாவெளி அக்கா:
எல்லாரும் ஊக்கியப் பத்தியே கதைக்கிறீங்க, ஐதரசன் எங்கால வாறது? நிலக்கரியில ஒரு காபன் அணுவுக்கு ஐதரசன் அணு 0.8 அளவு தான், டீசல்ல கிட்டத்தட்ட 1.8. அந்த இடைவெளிய நிரப்பத் தேவைப்படுற ஐதரசன அனேகமா நிலக்கரியில இருந்தோ இயற்கை வாயுவில இருந்தோ தான் எடுக்கிறாங்க, காபனீரொட்சைட்டு அங்கயே வெளிய போகுது. புகைக்குழாயால கந்தகம் வராது எண்டதுக்காக முழுசாச் சுத்தம் எண்டு எழுதிப் போடாதீங்க தம்பி.

உப்புவெளிப் பொடியன்:
அப்ப தென்னாபிரிக்காவில சசோல் கம்பனி 1955ல இருந்து செய்றதும் இதே வழியா அக்கா?

நிலாவெளி அக்கா:
இல்ல, அது பிஷர்-ட்ரொப்ஷ். நிலக்கரிய முதல்ல வாயுவாக்கி, கந்தகத்தக் கழுவி எடுத்துட்டுத் தான் திரவமாக்கிறது, ஏனெண்டா அந்த இரும்பு, கோபால்ட் ஊக்கிக்குக் கந்தகம் கொஞ்சமும் ஆகாது. அதால வாற எண்ணெயில கந்தகமும் இல்ல நைதரசனும் இல்ல, மெழுக உடைக்கிறது தான் மிச்ச வேலை. உங்கட தலைப்பு வாயுவாக்காம நேரா ஐதரசன் ஏத்தித் திரவமாக்கிற பேர்ஜியஸ் வழி, அவருக்கும் பொஷ்ஷுக்கும் 1931ல நோபல் குடுத்தாங்களே, அது. முதல் சிலைட்லயே ரெண்டையும் பிரிச்சுப் போடுங்க.