மேக்னசைட் சுரங்க டூனைட்டை ஏற்காடு காப்பித் தோட்டத்தில் போடலாமா?

கரட்டுக்காரன்:
காற்றிலிருந்து கார்பன் நீக்கத்துக்கான எக்ஸ்பிரைஸ் போட்டியில் 2025-ல் 5 கோடி டாலர் முதல் பரிசு ‘மாட்டி கார்பன்’ நிறுவனத்துக்குப் போனது. நம் நாட்டு விவசாயிகளின் வயலில் பசால்ட் என்ற எரிமலைக் கல் பொடி தூவுகிறவர்கள். மண்ணிலும் மழைநீரிலும் உள்ள கார்பன் டை ஆக்சைடு கல்லோடு சேர்ந்து பைகார்பனேட்டாகி, ஆறு வழியே கடலுக்குப் போய்விடும். பசால்ட்டைவிட வேகமாகக் கரையும் ஆலிவின் கனிமம் நம்ம சேலத்து மேக்னசைட் சுரங்கத்தில் கிடக்கும் டூனைட் கல்லில் இருக்கு. தூய ஆலிவின் என்றால் டன்னுக்குக் கணக்குப்படி 1.25 டன் கார்பன் டை ஆக்சைடு பிடிக்கும். ஏற்காட்டில் மழை, அமில மண் இரண்டும் உண்டு. இன்னும் எதுக்குக் காத்திருக்கோம்?

சரிவுக்காப்பி:
நிக்கலுக்காக. டூனைட்டில் அது சுமார் 0.25 சதவீதம். ஏக்கருக்கு 4 டன் போட்டால் 10 கிலோ நிக்கல். மேல் 20 செ.மீ. மண் ஏக்கருக்குச் சுமார் 1,050 டன், ஆக ஒரு முறைக்கு கிலோ மண்ணில் 9.5 மில்லிகிராம் கூடும். சாக்கடைக் கசடு போடும் நிலத்துக்கு ஐரோப்பிய விதி வைத்த வரம்பே 30 முதல் 75. அஞ்சு தடவை போட்டால் எங்கே நிற்கும்னு பாருங்க. அமில மண்ணில் நிக்கல் செடிக்கு இன்னும் சுலபமா ஏறும். நீங்க சாதகம்னு சொன்னதே இங்கே பாதகம். டூனைட்டில் சுண்ணாம்புச் சத்தும் சொற்பம். மெக்னீசியம் மட்டும் கூடினால் பொட்டாஷ் எடுப்பு குறையும். அமிலம் குறைக்க டோலமைட் போதும்.

கரட்டுக்காரன்:
டோலமைட்டும் கார்பனேட் கல்தானே, அது கரைந்து வரும் பைகார்பனேட்டில் பாதி கார்பன் கல்லிலிருந்தே வருது. சரி, நிக்கல்தான் சிக்கல்னா கிரஷர் பவுடர் போடலாமே? எம்.சாண்ட் பட்டறையில் மலைபோலக் கிடக்கு.

உலைமூக்கு:
இங்கே கிரஷரில் உடைபடுவது பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கருங்கல், பசால்ட் இல்லை. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் அதிகம். உங்க ஆயுசுக்குள்ள கரையாது.

இன்னொண்ணு, லாரி டீசல்தான் கணக்கைக் கெடுக்கும்னு சிலர் சொல்வாங்க, அது தப்பு. 10 டன் லோடு மலை ஏறி இறங்க 25 லிட்டர் ஆனாலும் டன்னுக்கு 7 கிலோ கார்பன் டை ஆக்சைடுதான். அரவையும் அப்படித்தான்: சிமெண்ட் நைஸுக்கு டன்னுக்கு 30-40 யூனிட் கரண்ட், யூனிட்டுக்கு 0.7 கிலோன்னு வைங்க. ஆலிவின் கடினம்கிறதால கூடவே ஆகும், இருந்தாலும் தாங்கும். இதைவிட நைஸா 10 மைக்ரானுக்கு இறங்கினால்தான் கரண்ட் பல மடங்கு எகிறும்.

கணக்கு கவிழும் இடம் உரம். அமோனியா உரம் நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் விடும். கல் அந்த அமிலத்தில் கரைந்தால் காற்றிலிருந்து ஒண்ணும் பிடிக்கலை, ஆனா பொடி மட்டும் குறையும். குறைந்த பொடியை வைத்து கார்பன் கிரெடிட் (இவ்வளவு கார்பன் பிடிச்சோம்கிற சான்று) வித்தால் அது காகிதக் கார்பன். பசால்ட்டுக்கு, கரையாம மண்ணிலேயே தங்கும் டைட்டானியத்தை அடையாளமா வச்சு எவ்வளவு கரைஞ்சதுன்னு அளப்பாங்க. டூனைட்டில் அது மிகக் குறைவு. அதனால வடிநீரைப் பிடிச்சு அல்கலினிட்டி டைட்ரேஷன் (அதில் எவ்வளவு பைகார்பனேட் இருக்குன்னு பார்க்கும் சோதனை) பண்ணணும், பொடி போடாத பாத்தியோடு ஒப்பிடணும், போடறதுக்கு முன்னாடியே மண் எடுத்து வச்சிருக்கணும்.

சரிவுக்காப்பி:
ஆர்வம் சேலத்திலேயே செலவாகணும்னா மேக்னசைட் சூளையைப் பாருங்க. 1 டன் தூய மேக்னசைட்டைச் சுட்டால் கல்லிலிருந்து மட்டும் 520 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், எரிபொருள் புகை தனி. அங்கே அடர்த்தியா ஒரே புகைபோக்கியில் வருது. அதை விட்டுட்டு வானத்தில் கலந்ததைத் தோட்டத்தில் துரத்தணுமா?

கரட்டுக்காரன்:
சூளையையும் பாருங்க, வேண்டாம்கலை. அப்போ மலைக்கு ஏற்றாம சுரங்கக் குவியலிலேயே பிடிக்கலாமே? ஆஸ்திரேலியாவில் மவுண்ட் கீத் நிக்கல் சுரங்கக் கழிவு வருஷம் சுமார் 40,000 டன் கார்பன் டை ஆக்சைடு தானாகவே உறிஞ்சிச்சாம். அங்கே யாரும் காப்பி குடிக்கலை.

உலைமூக்கு:
இது பேச வேண்டிய விஷயம். ஆனா அங்கே கிடப்பது மாவு மாதிரி அரைபட்ட கழிவு, உறிஞ்சுவது பெரும்பாலும் அதிலுள்ள புரூசைட் என்ற மெக்னீசியம் கனிமம். நம்ம குவியல் கட்டி கட்டியான கல். கட்டிக்குள்ளே காற்றே போகாது. சலித்து நைஸ் பங்கு எவ்வளவுன்னு முதல்ல பாருங்க. என்ன கனிமம் இருக்குன்னு தெரிய அதை எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷனுக்கு அனுப்புங்க, புரூசைட் இல்லைன்னா வேகம் இருக்காது. கூடவே கல்நார் இழையும் பார்க்கச் சொல்லுங்க. சர்பென்டைன் கனிமம் கலந்த கல்லில் கிரைசோடைல் என்ற கல்நார் இருக்கலாம், கிளறும்போது தூசி நுரையீரலுக்குப் போகும். மாதிரியைக் குவியல் மேல்தோலில் எடுக்காதீங்க, அது ஏற்கெனவே காற்றோடு வினைபுரிந்திருக்கும். ஒரு அடி தோண்டி எடுத்து, உடனே காற்றுப் புகாத பையில் கட்டுங்க.