மறு: கைராலிட்டிக்குத் தமிழ்: புரியா, சாய்வா?

தருமபுரியிலிருந்து:

> வலம்புரி, இடம்புரி ஏற்கெனவே நம்மிடம் இருக்கிறது. நானோக்குழலின் கைராலிட்டியையும் ‘புரி’ என்றே சொல்லிவிடலாம். வேறென்ன வேண்டும்?

பாலக்கோட்டு ஐயாவுக்கு வணக்கம். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி: நானோக்குழல் என்பது கார்பன் அணுக்களாலான மிகச் சிறிய குழல். அது எந்தச் சாய்வில் சுருண்டிருக்கிறது என்பதைத்தான் ஆங்கிலத்தில் கைராலிட்டி என்கிறார்கள்.

புரி அழகான சொல்தான். தருமபுரிக்காரனே அதை எதிர்ப்பதா என்று சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பெயரில் இருக்கும் புரி வேறு. வலக்கை, இடக்கைபோல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும் மருந்து மூலக்கூறுகளுக்கு வலம்புரி, இடம்புரி இருந்துவிட்டுப் போகட்டும். நானோக்குழலுக்குக் கொண்டுவந்தால்தான் சிக்கல். புரி என்றதும் நம் பிள்ளைகளுக்குக் கயிறு நினைவுக்கு வரும்: நாரை முறுக்கினால் புரி, எதிர்ப்பக்கம் திருப்பினால் அவிழ்ந்துவிடும். நானோக்குழலில் யாரும் எதையும் முறுக்கவில்லை.

அறுகோணக் கண்ணிகளாலான, ஓரணுத் தடிமனே உள்ள கார்பன் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அணுவும் மூன்று அண்டை அணுக்களோடு 0.142 நானோமீட்டர் தூரத்தில் பிணைந்திருக்கிறது. இந்தத் தாளைச் சுருட்டி ஓரங்களை ஒட்டினால் குழல். நேராகச் சுருட்டலாம், சாய்த்தும் சுருட்டலாம். எந்தச் சாய்வில் சுருட்டியது என்பதை இரண்டு எண்கள் சொல்லிவிடும்: ஓர் அணுவிலிருந்து கண்ணியின் இரு திசைகளில் எத்தனை எட்டு வைத்தால், சுருட்டும்போது அதன்மேல் வந்து பொருந்தும் இடம் கிடைக்கும் என்ற கணக்கு அது. (10,10) குழல் உலோகம்போல மின்சாரம் கடத்தும், (10,9) குறைகடத்தி. இரண்டு எண்களின் வேறுபாடு மூன்றால் மீதியின்றி வகுபட்டால் உலோகம் அல்லது ஏறத்தாழ உலோகம், இல்லையென்றால் குறைகடத்தி. ஒரே கார்பன், கிட்டத்தட்ட ஒரே விட்டம். சாய்வு மாறினால் குணமே மாறிவிடுகிறது. ஆகவே என் முன்மொழிவு: சுருட்டுச்சாய்வு. அந்த எண் சோடிக்குச் சாய்விணை.

மிக நீண்ட குழல்களில்தான் இந்தச் சொல்லுக்கு உண்மையான வேலை. 2013-இல் பெய்ஜிங் சிங்ஹுவா பல்கலைக்கழகத்தார் அரை மீட்டருக்கும் நீளமான குழல்களை வளர்த்துக் காட்டினார்கள். விட்டம் இரண்டு நானோமீட்டர் என்று வைத்தால், நீளம் அதைப்போல 25 கோடி மடங்கு. (10,10) குழல் ஒன்று அரை மீட்டர் நீண்டால் அதில் ஏறத்தாழ 8,000 கோடி அணுக்கள் இருக்கும். அத்தனையும் ஒரே சாய்வில் நிற்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் இரண்டு அறுகோணங்களுக்குப் பதில் ஓர் ஐங்கோணமும் ஓர் எழுகோணமும் சோடியாக உட்கார்ந்தால் போதும், அதற்கு அப்பால் சாய்வு வேறு. (8,0) குறைகடத்தி இப்படி (7,1) உலோகக் குழலாக மாறி நீளும். முறுக்கு தளர்ந்தது என்று இதைச் சொல்ல முடியுமா? ‘சாய்வு மாறியது’ என்றால் நடந்தது அப்படியே வந்துவிடுகிறது. நீளக் குழலின் இழுவலிமையும் இப்படிப்பட்ட பிசகு எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்ததே. ஒரே ஓர் இடம் போதும், அறுந்துபோக.

கீழடிப் பானையோடுகளின் கரும்பூச்சில் நானோக்குழல் கண்டதாக 2020-இல் வந்த ஆய்வைக் காட்டி, பழந்தமிழ்ச் சொல் தேடுவோம் என்று ஒருவர் எழுதியிருந்தார். பானை சுட்டவருக்கு அது உள்ளே இருப்பதே தெரியாது, ஐயா. அவரிடம் போய்ச் சொல் கேட்பானேன்?

‘நானோ’வை ‘நுண்’ ஆக்க வேண்டாம். மைக்ரோவும் ஏற்கெனவே நுண்தான்.

ஓசூரிலிருந்து:

சுருட்டுச்சாய்வை ஏற்கிறேன். ஆனால் கணக்கு வகுப்பில் கோட்டின் சரிவுக்குச் சாய்வு என்றுதான் சொல்லிக்கொடுக்கிறேன். ‘சாய்விணை’ என்றால் பிள்ளைகள் இரண்டு சாய்வுகளைக் கேட்கிறார்களோ என்று நினைப்பார்கள். ‘சுருட்டெண்கள்’ என்று வைத்தால் என்ன? இன்னொன்று: (10,10) வகைக்கு ஆங்கிலத்தில் கைவைத்த நாற்காலி, (10,0) வகைக்கு நெளிகோடு. இரண்டும் குழலின் வாயோரம் தெரியும் அணு வரிசையைப் பார்த்து இட்ட பெயர்கள். நெளிவாய், நாற்காலிவாய் என்று வைக்கலாமா?

தருமபுரியிலிருந்து:

சுருட்டெண்கள் நன்று, சாய்விணையை விட்டுவிடுகிறேன். நெளிவாய்க்கு என் வாக்கு. நாற்காலிவாய் பல்லில் ஒட்டுகிறது. சேலத்து நண்பர்கள் வேறு தந்தால் பார்ப்போம்.